உழைக்கும் கல்லே உயர்ந்த கல்

நடுவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்திருக்கும் அழகின் ரசிகர்களே! வீட்டுக்கு ஒரு பொருள் வாங்கும்போது பார்க்க வேண்டியது அழகையா, உழைப்பையா என்று கேட்டிருக்கிறீர்கள். உழைப்பையே என்று சொல்ல வந்திருக்கிறேன். நான் நிற்பதும் மேடை; பேசப்போவதும் ஒரு மேடையைப் பற்றித்தான். அடுப்பு மேடை!

எதிரணித் தலைவர் தாஜ்மகாலைப் பாருங்கள் என்றார். பார்த்தேன் ஐயா. அங்கே யாரும் ரசம் வைக்கவில்லையே! (சிரிப்பு) ஷாஜகான் கட்டியது கல்லறை. நான் கட்டியது சமையலறை. (கைதட்டல்)

நானும் ஆசைப்பட்டு வெள்ளைப் பளிங்கு போட்டவன்தான். "கறுப்பு கிரானைட்டே போதுங்க"ன்னு வீட்டுக்காரம்மா சொன்னாங்க. டாக்டர் பட்டம் வாங்கினவன் கேட்பானா? ஒரே மாதம்! எலுமிச்சம்பழம் பிழிந்த இடம், புளி கரைத்த இடமெல்லாம் ஒளி மங்கித் திட்டுத் திட்டாகிவிட்டது. "உடனே துடைச்சு வைக்கத் தெரியாதா?" என்று கோபித்துக்கொண்டேன். பாவம், ஒரு வாரம் தேய்த்தார். போகவில்லை.

எப்படிப் போகும்? பளிங்கு சுண்ணாம்புக் கல்லிலிருந்து பிறந்தது, கால்சியம் கார்பனேட். புளிப்பு பட்டால் அரிக்கும். கறையைத் துடைக்கலாம் நடுவர் அவர்களே, கரைந்ததைத் துடைக்க முடியுமா? கல்லையே இழைத்து மறுபடி பாலிஷ் போட வேண்டும். தப்பு என்னுடையது, திட்டு வாங்கியது அவர்!

கடினத்தை அளக்க 1812-இல் மோஸ் என்ற ஜெர்மானியர் 1 முதல் 10 வரை ஒரு வரிசை வகுத்தார். அதில் பளிங்கு ஏறக்குறைய 3. எஃகுக் கத்தி ஐந்தரை. கிரானைட் 6 முதல் 7. அரிவாள்மணையே கீறிவிடும் கல்லில் எப்படி ஐயா காய் நறுக்குவது?

ஒன்று சொல்கிறேன், தாய்மார்கள் கவனியுங்கள். கறுப்பாக இருப்பதெல்லாம் கிரானைட் ஆகாது. கடப்பைக் கல்லும் கறுப்புதான். ஆனால் அதுவும் சுண்ணாம்பு இனம். கடையில் ஒரு துண்டுக் கல் கேளுங்கள். எலுமிச்சைச் சாறு விட்டு அரைமணி நேரம் கழித்துத் துடையுங்கள். பளபளப்பு மங்கினால் வாங்காதீர்கள். கிரானைட்டிலும் நுண்துளை உண்டு; எண்ணெய் கொட்டினால் துடைக்கத்தான் வேண்டும். ஆனால் புளிக்கு அஞ்சாது.

1010-இல் ராஜராஜன் முடித்த தஞ்சைப் பெரிய கோயில் கிரானைட். ஆயிரம் ஆண்டு மழையும் வெயிலும் தாங்கி நிற்கிறது. நம் வீட்டு மிளகுரசத்தைத் தாங்காதா?

அழகு, பார்க்க வருகிற விருந்தாளிக்கு, ஐந்து நிமிஷம். உழைப்பு, அங்கே நிற்கிறவளுக்கு, ஆயுள் முழுக்க. கல் உழைத்தால் அவள் உழைப்பு குறையும். ஆகவே, அடுப்பு மேடைக் கல்லை அங்கே நிற்கிறவரைக் கேட்டு வாங்குங்கள் என்று சொல்லி, உழைப்பே என்று தீர்ப்பு வேண்டி அமர்கிறேன்.