ஹெட் மாறினால் எஞ்சின் மாறும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



பெரிய பேச்சாளர்கள் நின்ற இம்மேடையில் கராஜில் வளர்ந்த என்னை நிறுத்தியிருக்கிறீர்கள். கற்றதைப் பேசுவதிலும் பட்டதைப் பேசுவது எனக்கு எளிது. ஆகவே நான் செய்த ஒரு தவறையே இன்று சொல்ல வந்தேன்.

1974ஆம் ஆண்டு. அரிசிக்கும் மாவுக்கும் நம் லயங்கள் தவித்த காலம். தோட்டமொன்றின் பெட்போர்ட் பெற்றோல் லொறிக்கு ஹெட் வெடித்துவிட்டது. பழைய லொறி ஒன்றிலிருந்து இன்னொரு ஹெட் கிடைத்தது. போல்ட் துளைகள் பொருந்தின. தண்ணீர் வழிகளும் பொருந்தின. மாட்டினேன். நுவரெலியாவில் ஓட்டிப் பார்த்தால் முன்னிலும் வேகமாக இழுத்தது! எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். நானும் நம்பிவிட்டேன்.

லொறி கொழும்புக்கு இறங்கியதும் எஞ்சினில் "டக் டக்" என்று தட்டும் ஓசை கேட்டது. மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கம்பளை தாண்டி இறம்பொடை ஏற்றத்தில் திணறியபோது, இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே கஸ்கட் எரிந்துபோயிற்று. அரிசிக்காகக் காத்திருந்த பிள்ளைகள் அன்றிரவு பசியோடு படுத்தார்கள். அந்தப் பழி என்னுடையது.

காரணம் என்ன? அந்த எஞ்சினில் ஆறு சிலிண்டர்கள். மொத்தம் 3,519 கன சென்ரிமீற்றர். ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ 586. பிஸ்டன் மேலே வந்து நின்றபின் ஹெட்டில் எஞ்சியிருக்கும் அறை 112 என்று வைத்துக்கொள்வோம். 586ஐயும் 112ஐயும் கூட்டி 112ஆல் வகுத்தால் 6.2 வரும். இதுவே நெருக்க விகிதம். அறை 90 ஆகக் குறைந்த ஹெட்டை மாட்டினால் அதே கணக்கில் 7.5 ஆகிவிடும். வெளித்தோற்றம் ஒன்றே, உள்ளே இருக்கும் குழிதான் வேறு. ஹெட்டைச் சீவினாலும் இதே கதைதான். அறையின் வாய் சிலிண்டர் அளவே அகலமானால், ஒரு மில்லிமீற்றர் சீவும்போது ஆறு கன சென்ரிமீற்றர் வரை குறைந்துவிடும்.

நெருக்கம் கூடினால் ஒரே பெற்றோலில் கூடுதல் வேலை கிடைக்கும், இது உண்மை. ஆனால் வெப்பமும் கூடும். தீ போய்ச் சேருமுன்பே மூலையில் கிடக்கும் கலவை தானாகப் பற்றி வெடிக்கும். அந்த வெடிப்பே தட்டும் ஓசை. ஆங்கிலப் பொறியியலாளர் ஹரி ரிக்கார்டோ விகிதத்தை மாற்றி மாற்றி ஓட்டக்கூடிய எஞ்சினையே செய்து இதை ஆராய்ந்தார். 1921இல் அமெரிக்காவில் மிட்ஜ்லி என்பவர் பெற்றோலில் ஈயம் கலந்து தட்டலை அடக்கினார். அந்த ஈயம் மூளைக்கு நஞ்சு என்பதால் இலங்கையில் 2002இல் அது நிறுத்தப்பட்டது.

அப்படியானால் நுவரெலியாவில் ஏன் தட்டவில்லை? ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் காற்றின் அமுக்கம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். மெல்லிய காற்றை எவ்வளவு நெருக்கினாலும் முடிவில் வரும் அமுக்கம் குறைவு. நம் மலை என் தவறை மூடி மறைத்தது. கீழ்நாடு அதை வெளியே கொண்டுவந்தது.

இன்னொன்றையும் கேளுங்கள். கொழும்பில் அளவுமானி 120 இறாத்தல் காட்டும் நல்ல எஞ்சின், நுவரெலியாவில் 96 அளவிலேயே காட்டும். இதை அறியாமல், "றிங் தேய்ந்துவிட்டது" என்று எஞ்சினைப் பிரித்து ஏழைச் சாரதியின் பணத்தை வீணாக்காதீர்கள். ஆறு சிலிண்டர்களும் ஒன்றோடொன்று ஒத்திருக்கின்றனவா என்றே முதலில் பாருங்கள்.

இன்று நம் வீதிகளில் ஓடுவன பெரும்பாலும் டீசல் லொறிகள். அங்கே தீப்பொறி இல்லை. நெருக்கத்தின் சூடே தீ. தடித்த கஸ்கட்டை வைத்து நெருக்கத்தைக் குறைத்தால், பனி விழும் காலையில் எஞ்சின் வெள்ளைப் புகையைக் கக்குமே தவிர எழும்பாது. கொழுந்தோ காத்திருக்காது, சாக்கிலேயே சூடேறிக் கெடும். அளவுக்கு மேல் சீவினால் வால்வு பிஸ்டனில் முட்டும்.

வழி மிக எளிது. ஹெட்டைக் கவிழ்த்து, வால்வையும் ப்ளக்கையும் பூட்டி, துளையிட்ட கண்ணாடித் தகட்டால் அறையை மூடுங்கள். அளவுக் குழாயால் மண்ணெண்ணெய் விட்டு எத்தனை கொள்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பழையதையும் புதியதையும் ஒப்பிடுங்கள். அரை மணி நேர வேலை. அன்று நான் செய்யத் தவறியதும் அதுவே. பிறகு அதே அளவான ஹெட்டைத் தேடி மாட்டினோம், தட்டல் ஒழிந்தது.

தம்பிமாரே! தொழில் பழகப் போகிறவர்கள் ஸ்பானரோடு ஒரு பென்சிலையும் கையில் வைத்திருங்கள். பெரியோர்களே! கராஜுக்குப் போகும் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேளாதீர்கள். மேலே சொன்ன கணக்கு ஆறாம் வகுப்புக் கணக்கே. துளை பொருந்துவது வேறு, அளவு பொருந்துவது வேறு. லொறியின் பின்னால் நம் மக்கள் ஏறிச் செல்கிறார்கள் என்பதை நினைவில் வைத்து வேலை செய்யுங்கள்.