முள்ளும் ஆம்பியரும்: நீச்சல்குளப் பம்பின் பழுதறியும் கலை

நீச்சல்குளத்துப் பம்பு மக்கர் செய்தால் முதலில் எழும் கேள்வி, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதா, பிளம்பரைக் கூப்பிடுவதா என்பதுதான். இந்தப் பிரிவினையால் நல்ல நிலையில் உள்ள மோட்டார்கள்கூட காயில் கட்டப் போய்விடுகின்றன. ஒரே தண்டின் ஒரு முனையில் மோட்டாரின் ரோட்டர் சுழல்கிறது. மறுமுனையில் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர். தண்ணீர்ப் பக்கத்துக் கோளாறு மின்னோட்டத்தில் தெரியும், மின்பக்கத்துக் கோளாறு அழுத்தத்தில் தெரியும். இரண்டையும் சேர்த்துப் படிப்பதுதான் பழுதறியும் கலை.

ஸ்கிம்மர் வாயிலும் அடித்தள வடிகாலிலும் புகும் தண்ணீர், பம்பின் முன்னால் உள்ள கூடையில் இலை தழைகளை விட்டுவிட்டு இம்பெல்லருக்குப் போகிறது. அங்கிருந்து மணல் ஃபில்டர், பிறகு மீண்டும் குளம். ஃபில்டரின் மேல் இருக்கும் அழுத்தமானி, மணல் சுத்தமாக இருக்கும்போது பெரும்பாலும் 10 முதல் 15 பி.எஸ்.ஐ. காட்டும். ஆனால் அடுத்த குளத்தின் எண் இந்தக் குளத்துக்கு உதவாது. குழாயின் நீளம், வளைவுகள், பம்பின் திறன் எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு குளத்துக்கும் ஓர் இயல்பான அளவைத் தருகின்றன. அதை பம்பு அறைச் சுவரில் பெயின்டால் எழுதி வைக்கும் பராமரிப்பாளர் பாதி வேலையை அன்றே முடித்துவிடுகிறார். முள்ளை நம்புவதற்கு முன் முள்ளையே சோதிக்க வேண்டும். பம்பு நின்றால் அது சுழியத்துக்கு வர வேண்டும். அறை குளத்தின் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் மட்டும் கணக்கு வேறு: மூன்று மீட்டர் தாழ்வுக்கு, பம்பு ஓடாதபோதே சுமார் 4 பி.எஸ்.ஐ. காட்டும்.

அழுத்தம் கூடுவது எளிய வழக்கு. இயல்பான அளவைவிட 8 அல்லது 10 பி.எஸ்.ஐ. ஏறினால் மணலில் அழுக்கு சேர்ந்திருக்கிறது. தண்ணீரை எதிர்த்திசையில் ஓட்டி மணலைக் கழுவும் பேக்வாஷ் செய்ய வேண்டும். செய்தும் இறங்காவிட்டால், குளத்துக்குத் திரும்பும் வழியில் ஏதோ ஒரு வால்வு பாதி மூடியிருக்கும். பேக்வாஷுக்காகத் திருப்பும் மல்டிபோர்ட் வால்வின் கைப்பிடியை பம்பு ஓடும்போது திருப்பக் கூடாது என்பது மட்டும் விதிவிலக்கில்லாத விதி.

அழுத்தம் குறைவதுதான் அறிவைச் சோதிக்கும். நீர்மட்டம் ஸ்கிம்மர் வாய்க்குக் கீழே போயிருக்கலாம், கூடை நிரம்பியிருக்கலாம், இம்பெல்லரின் கண்ணில் தலைமுடியும் வேப்பிலையும் சிக்கியிருக்கலாம். உறிஞ்சு குழாயில் வெற்றிடமானி இருந்தால் குழப்பம் பெரிதும் தீர்ந்துவிடும். வெற்றிடம் மிகுந்திருந்தால் அடைப்பு பம்புக்கு முன்னால். அதுவும் குறைந்திருந்தால் காற்று புகுகிறது அல்லது இம்பெல்லர் வேலை செய்யவில்லை. முன்பக்கம் அடைபட்ட பம்பு, உள்ளே சரளைக்கல் உருள்வதுபோல் சத்தமிடும். காற்று புகுந்தால் குளத்தின் நீர்வரத்து வாய்களில் குமிழிகள் வரும். சந்தேகப்படும் இணைப்பின்மேல் தண்ணீர் ஊற்றும்போது குமிழி நின்றால், ஓட்டை அங்கேதான். பெரும்பாலும் குற்றவாளி கூடை மூடியின் ரப்பர் ஓ-ரிங்.

எந்த உறிஞ்சு குழாயில் கோளாறு என்று அறிய வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிப் பார்ப்பது வழக்கம். அப்போது குளத்தில் ஒருவரும் இருக்கக் கூடாது. மற்ற வழிகள் மூடப்பட்டால் முழு உறிஞ்சுவிசையும் ஒரே வடிகாலில் விழும். அமெரிக்காவில் 2002இல் வர்ஜீனியா கிரேம் பேக்கர் என்ற ஏழு வயதுச் சிறுமி வெந்நீர்த் தொட்டி வடிகாலின் உறிஞ்சுவிசையில் சிக்கி இறந்தாள். வடிகால் மூடிகளுக்குப் பாதுகாப்பு விதிகளைக் கட்டாயமாக்கி 2007இல் இயற்றப்பட்ட சட்டம் அவள் பெயரைத் தாங்கியிருக்கிறது.

இனி மோட்டார். சுவிட்சைப் போட்டதும் ஊம் என்ற சத்தம் மட்டும் வந்து தண்டு சுழலாவிட்டால், மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்திவிட்டுப் பின்பக்கத் தண்டைக் கையால் திருப்பிப் பார்க்க வேண்டும். இறுகியிருந்தால் இம்பெல்லரோ பேரிங்கோ சிக்கியிருக்கிறது. எளிதாகச் சுழன்றால், சிங்கிள் பேஸ் மோட்டாரில் முதல் சந்தேகம் கெப்பாசிட்டர்மேல். ஸ்க்ரூடிரைவரால் ஃபேனைத் தள்ளிவிட்டு மோட்டாரை ஓடவைக்கும் பழைய வித்தை கோளாற்றைச் சரியாகவே காட்டும். விரலையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். கெப்பாசிட்டரோ மின்சாரம் நின்ற பின்னும் மின்னேற்றத்தை வைத்திருக்கும். அதை இறக்கிவிட்டு அளக்க வேண்டும். மேலே அச்சிட்ட மைக்ரோ ஃபாரட் அளவிலிருந்து வெகுவாக விலகினால் மாற்றிவிட வேண்டியதுதான்.

நம் ஊரில் மறக்கக் கூடாதது லோ வோல்டேஜ். மோட்டாரின் திருப்புவிசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட் 180 ஆகக் குறைந்தால், விசை சுமார் 60 சதவீதம்தான் மிஞ்சும். மோட்டார் அதிக ஆம்பியர் இழுத்து, சூடேறி, ஓவர்லோடில் நின்றுவிடும். ஆறியதும் சில மோட்டார்கள் தாமாகவே மீண்டும் ஓடும். திறந்து வைத்த பம்பின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு அது பெரிய ஆபத்து. த்ரீ பேஸ் மோட்டாருக்கு வேறொரு குறும்பு உண்டு. காயில் கட்டி வந்தபின் இரண்டு பேஸ் இடம் மாறினால் தலைகீழாகச் சுழலும். அப்போதும் தண்ணீர் வரும், அழுத்தம் மட்டும் ஏறாது. இதைக் கவனியாமல் ஃபில்டர் மணலையே மாற்றிவிடுபவர்கள் உண்டு.

மின்னோட்டத்தை அளக்கும் டாங் டெஸ்டர் கையிலிருக்கும் மெக்கானிக் முள்ளோடு ஆம்பியரைச் சேர்த்துப் பார்க்கிறார். ஃபில்டர் அடைத்தால் மோட்டார் திணறி அதிக மின்சாரம் இழுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. நீர் ஓட்டம் குறைந்தால், இம்பெல்லர் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இந்த வகைப் பம்பின் சுமையும் குறைகிறது. எனவே அழுத்தம் ஏறி ஆம்பியர் இறங்கினால் வெளிவழியில் தடை. இரண்டும் இறங்கினால் பம்புக்குப் போதிய தண்ணீர் வரவில்லை, அல்லது இம்பெல்லர் அடைத்திருக்கிறது. அழுத்தம் இயல்பாக இருக்க ஆம்பியர் மட்டும் ஏறினால் பேரிங்கையும் வோல்டேஜையும் காயிலையும் பார்க்க வேண்டும். ஃபில்டரைக் கழுவிப் பயனில்லை.

பம்பைப் போட்டதும், மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ட்ரிப் ஆனால், அதைத் தவிர்த்து நேரடியாக இணைப்பு கொடுப்பது குளத்தில் இறங்குவோரின் உயிரோடு விளையாடுவது. மோட்டார் வயரைக் கழற்றிய பிறகும் ட்ரிப் ஆனால் கோளாறு கேபிளிலோ சுவிட்சிலோ இருக்கிறது, ஆகாவிட்டால் மோட்டாரில். மெக்கர் கருவியில் 500 வோல்ட் வைத்துப் பார்க்கும்போது காயிலுக்கும் உடலுக்கும் இடையே ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால், ஈரம் புகுந்திருக்கிறது அல்லது இன்சுலேஷன் கெட்டிருக்கிறது. ஈரம் மட்டும் என்றால் உலர்த்தினால் மீளும்.

அந்த ஈரம் பெரும்பாலும் மழையிலிருந்து வருவதில்லை. பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவே தண்டைச் சுற்றியுள்ள மெக்கானிக்கல் சீல் தேய்ந்து, சொட்டுச் சொட்டாகக் கசிந்த தண்ணீர்தான் முதலில் பேரிங்கைத் துருப்பிடிக்க வைத்து, பிறகு காயிலைத் தொடுகிறது. தண்ணீரில்லாமல் சில நிமிடம் ஓடினாலே அந்த சீல் சூடேறிக் கெட்டுவிடும். ஆகவே காயில் புதிதாகக் கட்டி வந்த மோட்டாரில் பழைய சீலையே மாட்டினால், அதே மோட்டார் விரைவில் மறுபடியும் காயில் கட்டப் போகும்.