களவும் கடனும் இல்லாக் கணினி

(வெள்ளி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

கணினியைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தபோது நான் தயங்கினேன். நான் கணினி பயின்றவன் அல்லன். அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எனினும், மாலை வேளைகளில் நம் பிள்ளைகளுக்கு வேலை விண்ணப்பங்களையும் உதவித்தொகை மனுக்களையும் கணினியில் எழுதித் தந்து வருகிறேன். அப்பணியையே கைவிட நேருமோ என்று அஞ்சிய காலம் ஒன்று உண்டு. அப்போது நான் கற்றுக்கொண்டதையே உங்கள்முன் வைக்கிறேன்.

எனக்கு வந்த தொல்லைகள் இரண்டு. ஒன்று, நீரிழிவால் என் பார்வை மங்கியது. திரையிலுள்ள எழுத்துகள் எறும்புச் சாரைபோல் தெரிந்தன. மற்றொன்று, சொல்லவே வெட்கமானது. பழைய விலைக்கு வாங்கிய என் கணினியில் இருந்த இயங்குதளம் உரிமம் பெறாத கள்ளப் படி. பிள்ளைகளுக்கு நேர்மையைப் போதித்துக்கொண்டே, நான் களவுப் பொருளில் அவர்களுடைய விண்ணப்பங்களை எழுதி வந்தேன். உரிமத்தோடு வாங்கக் கையில் பணமில்லை. திரையைப் படித்துக் காட்டும் வணிக மென்பொருள்களின் விலையைக் கேட்டபோதோ மலைத்துப் போனேன்.

அந்நிலையில் என் தங்கையின் பேரன் ஒரு பென் டிரைவோடு வந்தான். "தாத்தா, முதலில் இதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம், பழையது பழையபடியே இருக்கும்" என்றான். அதில் இருந்தது லினக்ஸ் மின்ட் என்னும் இயங்குதளம். இரண்டு நாள் அவ்வாறே ஓட்டிப் பார்த்தேன். பிறகு என் கோப்புகளையெல்லாம் வேறிடத்தில் படியெடுத்து வைத்துவிட்டு, அதையே கணினியில் நிறுவினோம். நான்கு ஜிகாபைட் நினைவகமே உள்ள அந்தப் பழைய கணினி மீண்டும் பயனுக்கு வந்தது.

இது எவ்வாறு விலையின்றிக் கிடைக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். 1983ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், எவரும் தடையின்றிப் பயன்படுத்தவும், ஆராயவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமையுள்ள ஓர் இயங்குதளத்தை உருவாக்கும் திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்தின் எல்சிங்கி நகர்ப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் கருவை எழுதி வெளியிட்டார். இவ்விரு முயற்சிகளும் இணைந்தன. உலகெங்குமுள்ள பல்லாயிரவர் உழைப்பால் வளர்ந்தன. ஆகவே இதைப் படியெடுத்து அண்டை வீட்டாருக்குக் கொடுப்பது களவன்று. உரிமத்திலேயே எழுதப்பெற்ற உரிமை.

இனி என் கண்ணுக்கு வருவோம். எழுத்தைப் பெரிதாக்கவும், திரையையே உருப்பெருக்கவும், கறுப்பு வெள்ளை வேறுபாட்டை மிகுவிக்கவும் அமைப்புகள் அதிலேயே உள்ளன. ஆர்க்கா என்னும் திரை வாசிப்பானும் உடன் வருகிறது. அதன் முதல் வடிவத்தை உருவாக்கியவர் பார்வையற்ற நிரலாளர் ஒருவர் என்பதை எண்ணிப் பாருங்கள். தேவையை உணர்ந்தவரே கருவியைச் செய்தார்; உலகம் முழுவதும் பயன் பெறுகிறது. இசுபீக் என்னும் பேச்சுப்பொறி தமிழையும் படிக்கும். குரல் இயந்திரக் குரல்தான். பழகப் பழகப் புரிகிறது. தமிழ்99 விசைப்பலகையிலேயே தட்டச்சு செய்கிறேன்.

இடர்களை மறைக்க நான் விரும்பவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருந்த என் கடிதங்கள் புரியாத குறிகளாகத் தோன்றின. அவற்றை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டியிருந்தது. சில அச்சுப்பொறிகள் உடனே இயங்கா. வணிகக் கணக்கு மென்பொருள்கள் சில இதற்கென வெளிவருவதில்லை. அத்தொழிலுக்குச் செல்வோர் அவற்றையும் தனியே பயிலத்தான் வேண்டும். முதல் மாதம் ஒவ்வொன்றையும் தேடித் தடுமாறினேன். ஆனால் விண்ணப்பம் எழுத லிப்ரே ஆபீசும், இணையத்தில் அனுப்ப ஃபயர்பாக்சும் போதுமானவையாக இருந்தன.

இது ஏழைக்கு ஏற்பட்ட மாற்றுக் குறைந்த பொருள் என்று எவரும் எண்ண வேண்டா. கேரளத்தின் பொதுப் பள்ளிகளில் பல்லாண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே கணினிப் பாடம் நடைபெறுகிறது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் பாஸ் லினக்ஸ் என்னும் இந்திய இயங்குதளத்தை உருவாக்கியது. உலகின் பெருங்கணினிகளும் லினக்சில்தான் இயங்குகின்றன.

இளைஞர்களே! உங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. நம் படிப்பகத்தில் இத்தகைய பென் டிரைவ் ஒன்று எப்போதும் இருக்கட்டும். ஒதுக்கிப் போட்ட பழைய கணினிகளைக் கொண்டு வாருங்கள். மூத்தவர் இளையவருக்கும், கற்றவர் கல்லாதவருக்கும் நிறுவக் கற்றுக் கொடுக்கட்டும். பார்வை குன்றியோரை முன்வரிசையில் அமர்த்துங்கள். விண்ணப்பம் எழுதித் தருமாறு என்னிடம் வருகின்ற பிள்ளை, அடுத்த ஆண்டு இன்னொரு பிள்ளைக்கு எழுதித் தர வேண்டும். அதன் பிறகு என் கண் முற்றும் மங்கினாலும் நான் கவலைப்பட மாட்டேன்.