பல்லுக்கும் ஒரு வேலை



வீட்டில் ஒரு விலங்கை வளர்ப்பது கலை என்றால், அந்தக் கலையில் பாதி அதன் சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது. அப்படி ஒரு தட்டை இன்று கொஞ்சம் எடைபோட்டுப் பார்க்கலாம். சுகர் கிளைடர் என்ற உள்ளங்கையளவு விலங்கின் தட்டு அது.

கடைக்காரர்கள் இதைப் பறக்கும் அணில் என்று சொல்லி விற்பதுண்டு. அணிலுக்கும் இதற்கும் உறவு கிடையாது. கங்காரு, கோலா போல வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கிற சாதி இது. ஊர் ஆஸ்திரேலியா, நியூ கினி. எடை சுமார் 100 கிராம். முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே இருக்கும் தோலை விரித்து, ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு 50 மீட்டர் தூரம்கூடச் சறுக்கிப் போகும். பகலெல்லாம் தூக்கம், இரவெல்லாம் இரை தேடல். அமெரிக்காவில் பல வீடுகளில் இது செல்லப்பிராணி. ஆனால் அங்கேயே கலிஃபோர்னியா மாநிலத்தில் இதை வளர்க்கத் தடை இருக்கிறது.

இதற்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்பதற்கு முன்னால், காட்டில் இது எப்படிச் சாப்பிடுகிறது என்று பார்த்துவிடுவோம். கோடையில் பூச்சிதான் பிரதானம். வண்டு, அந்துப்பூச்சி, புழு, சிலந்தி எல்லாம் உள்ளே போகும். குளிர்காலத்தில் பூச்சி அருகிவிடும். அப்போது மரம்தான் சோறு போடும். யூகலிப்டஸ் பட்டையைப் பல்லால் கீறி, வடிகிற சாற்றை நக்கும். சீகை மரத்தில் பிசினைச் சுரண்டித் தின்னும். இந்தச் சீகையில் ஒரு வகையை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வந்து, இன்று புல்வெளிகளை விழுங்கி நிற்கிற பிளாக் வாட்டில் மரம்தான் அது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் அந்த மரத்துப் பிசின் கிளைடருக்குக் குளிர்கால உணவு. பிசின் எளிதில் செரிக்காது. அதைப் புளிக்க வைத்துச் செரிப்பதற்கென்றே இதன் பெருங்குடல் தொடங்கும் இடத்தில் பெரிய பை ஒன்று இருக்கிறது.

பூச்சி ஆனாலும் பிசின் ஆனாலும், பல்லுக்கு வேலை வைக்காமல் எதுவும் வயிற்றுக்குப் போவதில்லை. மொத்தம் 40 பல். கீழ்த்தாடையில் முன்னால் இருக்கும் இரண்டு மட்டும் நீளமாக, மேல்நோக்கி நிற்காமல் முன்னோக்கிப் படுத்தாற்போல இருக்கும். பட்டையைக் கீறும் உளி அதுதான். ஒரு வெட்டுக்கிளி கிடைத்தால் இது தின்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு முன்கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஓட்டோடு கடித்து நொறுக்கி, மென்று மென்று சாற்றை இழுத்துக்கொண்டு, கடைசியில் சக்கையைச் சிறு உருண்டையாகத் துப்பிவிடும். கீழே விழுந்த சக்கையைப் பார்க்கிறவர்கள், சாப்பாடு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அது சாப்பிடுகிற முறையே அதுதான்.

இனி வீட்டுத் தட்டுக்கு வருவோம். வளர்ப்பவர்களிடம் பொதுவாக மூன்று பழக்கங்கள் உண்டு.

முதலாவது பழத்தட்டு. ஆப்பிள், திராட்சை, வாழைப்பழம், மேலே கொஞ்சம் தேன். பார்க்க அழகு, விலங்கும் ஆசையாகத் தின்னும். மதிப்பெண் என்று கேட்டால் என் கணக்கில் மிகக் குறைவு. பழத்தில் சுண்ணாம்புச் சத்து போதாது. கூடவே மீல்வார்ம் புழுவை மட்டும் அள்ளிப் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். அதில் சுண்ணாம்பை விடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். உணவில் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் சுண்ணாம்பு ஒன்றிலிருந்து இரண்டு பங்கு வரை இருக்க வேண்டும். அது தலைகீழானால், உடம்பு தனக்கு வேண்டிய சுண்ணாம்பை எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும். ஒருநாள் கிளைடர் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகரும். அதைப் பார்த்துவிட்டு, கூண்டிலிருந்து விழுந்து அடிபட்டதென்று நினைக்கிறவர்கள் உண்டு. உண்மையில் அது பல மாதத் தட்டின் விளைவு.

இரண்டாவது பழக்கம் கலவை. லெட்பீட்டர் கலவை என்று இதற்குப் பெயர். விக்டோரியாவின் மாநில விலங்கான லெட்பீட்டர் போசத்தின் பெயரால் வழங்குகிறது. அதுவும் கிளைடர் போலப் பிசின் தின்கிற விலங்கு. பரவலாகப் பயன்படும் செய்முறையைச் சொல்கிறேன். வெதுவெதுப்பான தண்ணீர் 150 மில்லி, தேன் 150 மில்லி, ஓடு நீக்கிய அவித்த முட்டை ஒன்று, புரதம் மிகுந்த குழந்தை உணவுத் தூள் 25 கிராம், வைட்டமினும் தாது உப்பும் கலந்த பொடி ஒரு தேக்கரண்டி. எல்லாவற்றையும் மிக்ஸியில் மைய அடித்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, தினமும் கொஞ்சம் கொடுப்பது. சத்துக் கணக்கில் இது பழத்தட்டைவிடப் பல படி மேல். சரியான பொடியைச் சரியான அளவில் சேர்த்தால் பின்னங்கால் தப்பிக்கும்.

ஆனால் பல் தப்பிக்குமா? இங்கேதான் எனக்குத் தயக்கம். பாகு போன்ற இந்த உணவில் கடிக்க ஒன்றுமில்லை. இனிப்பும் மாவும் ஈறோரத்தில் ஒட்டிக்கொள்ளும். அதில் கிருமி சேர்ந்து படலமாகி, இறுகிக் காரையாகும். ஈறு வீங்கும், பல் ஆடும், வேரில் சீழ் கட்டும். மென்மையான மாவுச்சத்து உணவே வாடிக்கையான கிளைடர்களிடம் பல் நோய் அதிகம் என்பது விலங்கு மருத்துவர்கள் அறிந்த விஷயம். ஆகவே கலவையைப் பாதித் தட்டு என்று வைத்துக்கொள்ளலாம். முழுத் தட்டு என்று வைத்துக்கொண்டால் எலும்பைக் காப்பாற்றிப் பல்லை இழப்போம்.

மூன்றாவது பழக்கம், பல்லுக்கு வேலை கொடுப்பது. வெட்டுக்கிளி, சில்வண்டு போன்ற ஓடுள்ள பூச்சிகள் அந்த மீதிப் பாதியில் இடம்பெற வேண்டும். அந்த ஓடு பல்லில் உரசும்போது காரை படிவது குறையும். பூச்சியையும் வெறும் வயிற்றோடு கொடுக்கக் கூடாது. ஒருநாள் முன்னதாக அதற்குச் சத்தான தீனி போட்டு, கொடுக்கும்போது மேலே சுண்ணாம்புச் சத்துப் பொடி தூவ வேண்டும். வயலிலோ தோட்டத்திலோ பிடித்த பூச்சி வேண்டாம், அதில் மருந்தடித்த விஷம் இருக்கலாம். ஒரு மரக்கிளையில் சிறு துளைகள் போட்டு அதில் பிசினைத் திணித்து உயரத்தில் கட்டினால், கிளைடர் பாதி ராத்திரி அதோடு மல்லுக்கட்டும். சாக்லேட், காப்பி, வெங்காயம், பூண்டு நான்கும் கூண்டுப் பக்கமே போகக் கூடாது. சாப்பாட்டை அந்தி சாயும் நேரத்தில் வையுங்கள். ஒரு நாளைய மொத்த உணவு உடல் எடையில் 15 முதல் 20 சதவீதம் போதும். 100 கிராம் விலங்குக்கு 20 கிராமுக்குள் விருந்து முடிந்துவிடும்.

இன்னொரு பழக்கத்தை மட்டும் நான் எடைபோடவே மாட்டேன், நேராக நிறுத்தச் சொல்வேன். அது பல்லை வெட்டுவது. எலிக்கும் அணிலுக்கும் முன்பல் ஆயுள் முழுக்க வளரும். வளர்ந்து வாயைக் குத்தினால் மருத்துவர் அதைத் தேய்த்துக் குறைப்பார். கிளைடரின் நீண்ட கீழ்ப்பல்லைப் பார்த்துவிட்டு, இதுவும் வளர்ந்துவிட்டது என்று நறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். கிளைடரின் பல் அப்படி வளர்வதில்லை. அந்த நீளம்தான் அதன் இயல்பான அளவு. நறுக்கினால் பல்லுக்குள் இருக்கும் நரம்பும் ரத்தக்குழாயும் திறந்துகொள்ளும். வலி, சீழ், கடைசியில் பல்லே போகும்.

நோய் வந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? எச்சில் வடியும். முகத்தைக் கையால் தேய்த்துக்கொண்டே இருக்கும். பூச்சியை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, பாகை மட்டும் நக்கும். தாடையிலோ கண்ணுக்குக் கீழேயோ வீக்கம் தெரியும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் எடை குறையத் தொடங்கும். கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, வாரம் ஒருமுறை நிறுத்து எழுதி வையுங்கள். நமக்கு 10 கிராம் ஒன்றுமில்லை. கிளைடருக்கு அது உடம்பில் பத்தில் ஒரு பங்கு. இறுகிய காரையை வீட்டில் சுரண்ட முயலாதீர்கள். கடைவாய்ப் பல்லை முழுதாகப் பார்ப்பதற்கே பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படும். அது பழகிய மருத்துவரின் வேலை.

என் தீர்ப்பு இதுதான். கிளைடர் வளர்ப்புக் கலை, சத்தைக் கலந்து கொடுப்பதில் நன்றாகத் தேறியிருக்கிறது. விலங்கை உழைத்துத் தின்ன வைப்பதில் இன்னும் பின்தங்கியிருக்கிறது. அந்தப் பாதியைக் கற்காதவரை இதை நல்ல வளர்ப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இது பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். வாங்கும் எண்ணமிருப்பவர்கள் கூண்டு என்ன விலை என்று கேட்பதற்கு முன்னால், இதன் வாயைத் திறந்து பார்க்கத் தெரிந்த மருத்துவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் வாங்க வேண்டாம்.