பக்கவாதமும் நிமோனியாவும்

(பஞ்சாயத்து உறுப்பினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பக்கவாதம் கண்டவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால், அங்கே நல்ல சிகிச்சை பெற்று உயிர் பிழைத்தவரையும் சில நாட்களில் வேறொரு நோய் கொண்டுபோய்விடுவது உண்டு. அந்நோய் நிமோனியா. அதைத் தடுப்பதில் டாக்டர்களுக்கு உள்ளது போலவே வீட்டாருக்கும் பங்கு உண்டு.

மூளைக்குச் செல்லும் குழாயில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதால் வருவதே பக்கவாதத்தில் பெரும்பான்மையானது. நாலரை மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தால், தகுதியுள்ளவர்களுக்கு அவ்வடைப்பைக் கரைக்கும் மருந்தை ஊசி மூலம் செலுத்தலாம். இதன் பயனை 1995-இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி நிலைநாட்டியது. பெரிய குழாய் அடைபட்டால், கருவியைச் செலுத்தி அடைப்பை வெளியே எடுக்கும் முறையும் 2015 முதல் நன்கு உறுதிப்பட்டிருக்கிறது.

ஆயினும், அடைப்பு நீங்கிய அன்றே தொண்டைக்குப் பழைய பலம் திரும்பிவிடும் என்று கூற முடியாது. தொண்டையில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று இரைப்பைக்கும், மற்றொன்று நுரையீரலுக்கும் செல்கின்றன. நாம் விழுங்கும்போதெல்லாம் மூச்சுக்குழலின் வாய் தானே மூடிக்கொள்கிறது. பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இச்செயல் தளர்ந்துவிடுகிறது. மடையை அடைக்காவிட்டால் நீர் வேண்டாத வயலில் பாய்வது போல, உணவும் நீரும் உமிழ்நீரும் நுரையீரலில் இறங்குகின்றன. வாயிலுள்ள கிருமிகளும் உடன் செல்கின்றன. அந்நாட்களில் உடலின் எதிர்ப்புச் சக்தியும் குன்றியிருக்கும். ஆகவே, பெரும்பாலும் முதல் வாரத்திலேயே நிமோனியா தோன்றுகிறது. சிலருக்குப் புரையேறினாலும் இருமல் வராது. எனவே, இருமவில்லை என்று தைரியம் கொள்ளலாகாது.

ஒருவர் விழுந்தால் வாயில் தண்ணீர் ஊற்றுவதும், காபியோ சோடாவோ கொடுப்பதும் நம் வழக்கம். அன்பினால் செய்யும் இக்காரியம் பக்கவாதத்தில் ஆபத்தாக முடியும். விழுங்கும் திறனைச் சோதித்துப் பார்க்கும்வரை தண்ணீர், கஞ்சி, மாத்திரை எதையும் வாய்வழியாகக் கொடுக்கக் கூடாது.

நிமோனியா வருமுன்பே எல்லோருக்கும் கிருமிக்கொல்லி மருந்து கொடுத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் நடந்து 2015-இல் வெளியான இரு பெரிய ஆராய்ச்சிகளில், அதனால் நோயாளிகள் கூடுதலாகத் தேறியதாகத் தெரியவில்லை. பயன் தந்தது முறையான கவனிப்பே. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், 19 பக்கவாதச் சிகிச்சைப் பிரிவுகளில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஒரு பகுதிப் பிரிவுகளில் காய்ச்சல், இரத்தச் சர்க்கரை, விழுங்கும் திறன் ஆகிய மூன்றையும் செவிலியர் ஒழுங்காகக் கவனித்து வந்தனர். மூன்று மாதங்களில் இறந்தோர் அல்லது பிறர் துணையின்றி வாழ இயலாதோர், வழக்கமான கவனிப்பில் நூற்றுக்கு 58 பேர்; இம்முறையில் 42 பேர். இது 2011-இல் வெளியாயிற்று.

சோதனையில் குறை தெரிந்தால், மூக்குவழியாகக் குழாய் வைத்து உணவு செலுத்துவார்கள். அதைக் கண்டு பயந்து, எடுத்துவிடச் சொல்லி உறவினர் வற்புறுத்தலாகாது. தொண்டை தேறினால் குழாயை டாக்டரே எடுத்துவிடுவார்.

வீடு திரும்பிய பின், நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்துச் சிறிது சிறிதாக உணவு கொடுங்கள். உண்ட உடனே படுக்க வைக்காதீர்கள். தினந்தோறும் பல்லையும் நாக்கையும் சுத்தம் செய்யுங்கள். காய்ச்சல், மூச்சு வாங்குதல், சளி, குரலில் கரகரப்பு இவற்றில் ஒன்று கண்டாலும் தாமதிக்கலாகாது. முதியோருக்குக் காய்ச்சலின்றி, அசதியும் தூக்கமயக்கமும் மட்டுமே அறிகுறியாக இருக்கக்கூடும்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய அறிகுறிகளையும், 108 என்ற எண்ணையும் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதி வையுங்கள். அதன் கீழே, “வாயில் எதுவும் கொடுக்காதீர்” என்றும் எழுதுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீடு தேடி வரும் ஊழியர்களுக்கு உங்கள் ஊரில் பக்கவாதத்தால் படுத்திருப்போரைத் தெரிவியுங்கள். கிராம சபையிலும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

டாக்டர்கள் காப்பாற்றிக் கொடுத்த உயிரை ஒரு குவளைத் தண்ணீரால் இழந்துவிடாமல் காப்பது நம் கையில் இருக்கிறது.