பழைய கணினியைக் கைவிடுமுன்: லினக்ஸில் நினைவகச் சிக்கனம்



பத்தாண்டுகளுக்கு முன் வாங்கிய மடிக்கணினிகள் பல வீடுகளின் அலமாரிகளில் உறங்குகின்றன. விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதி நிறைவுற்றது. விண்டோஸ் 11 ஐ ஏற்கும் தகுதி பழைய கணினிகள் பலவற்றுக்கு இல்லை. ஆதலால் அவற்றில் லினக்ஸை நிறுவியோர் பலர். நிறுவிய பின்னரும் கணினி தயங்கினால், “இது இனி உதவாது” எனக் கருதிப் புதியது வாங்க முற்படுகின்றனர். ஓய்வூதியத்தில் வாழும் முதியவருக்கும், பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பத்துக்கும் அது சிறிய செலவன்று. அச்செலவுக்கு முன், நினைவகம் எங்கே செலவாகின்றது என்று அளந்து பார்த்தல் வேண்டும்.

நினைவகம் போதாதபோது லினக்ஸ் தரவின் ஒரு பகுதியை வன்தட்டுக்கு நகர்த்துகின்றது. இதனைச் சுவாப் என்பர். சுழலும் வன்தட்டு நினைவகத்தைவிடப் பன்மடங்கு மெதுவானது. மேசையில் இடமின்றி, ஒவ்வொரு தாளுக்கும் பரணில் ஏறி இறங்குபவரின் நிலையே அப்போது கணினிக்கும் நேர்கின்றது.

அளப்பதற்குப் பணி மேலாளர் செயலியோ, முனையத்தில் இடும் ஃப்ரீ என்னும் கட்டளையோ போதும். அதில் ‘ஃப்ரீ’ என்ற நிரலின் எண் சிறிதாயிருப்பது கண்டு அஞ்சவேண்டியதில்லை. வெறுமனே கிடக்கும் நினைவகத்தில் லினக்ஸ் கோப்புகளைத் தற்காலிகமாக வைத்திருந்து, தேவை எழும்போது விடுவித்துவிடும். நோக்கவேண்டியது ‘அவைலபிள்’ என்ற நிரலையே. அது மிகக் குறைந்து, சுவாப் பயன்பாடு ஏறிக்கொண்டே போனால் மட்டுமே நினைவகம் உண்மையில் போதவில்லை.

முதலில் கவனிக்கத்தக்கது இணைய உலாவி. எளிய கணினியில் பெரும்பாலும் மிகுதியாக உண்பது அதுவே. திறந்து கிடக்கும் ஒவ்வொரு தாவலும், சேர்த்துவைத்த ஒவ்வொரு நீட்சியும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். பிறகு படிக்கவேண்டிய பக்கத்தைப் புத்தகக்குறியாகச் சேமித்துவிட்டுத் தாவலை மூடுதல் நன்று. குரோம் உலாவியில் பயன்படாத தாவல்களை உறங்கவைக்கும் நினைவகச் சேமிப்பு வசதியும் உண்டு.

இரண்டாவது, மேசைத்தளம். க்னோம் போன்ற மேசைத்தளங்களைவிட எக்ஸ்எஃப்சிஈ, எல்எக்ஸ்கியூட்டி ஆகியன குறைந்த நினைவகத்தில் இயங்குவன. இவற்றுக்காக முழுக் கணினியையும் அழித்து மீண்டும் நிறுவவேண்டியதில்லை. இருப்பதன் அருகிலேயே நிறுவி, உள்நுழையும் திரையில் தெரிவு செய்யலாம். கோப்புகள் இருந்தபடியே இருக்கும். புதிதாக நிறுவுவோர் எல்எக்ஸ்கியூட்டியுடன் வரும் லுபுண்டுவையோ, லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பையோ நாடலாம். லினக்ஸ் மின்ட்டுக்குக் குறைந்தது 2 கிகாபைட்டு நினைவகம் வேண்டும். தடையற்ற பயன்பாட்டுக்கு 4 கிகாபைட்டு பரிந்துரைக்கப்படுகின்றது.

மூன்றாவது, கணினியுடன் தாமாகவே தொடங்கும் செயலிகள். அச்சுப்பொறி இல்லாத வீட்டில் அச்சுச் சேவையும், புளூடூத் பயன்படுத்தாதவருக்கு அதன் செயலியும் தேவையற்றவை. ஆயினும் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை நிறுத்தலாகாது. தமிழ்த் தட்டச்சுக்கு உதவும் ஐபஸ் போன்ற உள்ளீட்டுச் செயலியையும் விட்டுவைத்தல் வேண்டும். அதனை அறியாது நீக்கியவர், மறுநாள் உறவினருக்குத் தமிழில் மடல் எழுத இயலாது திகைப்பார்.

நான்காவது, இசட்ரேம் என்னும் வசதி. தரவை வன்தட்டுக்கு அனுப்பாமல், நினைவகத்துக்குள்ளேயே சுருக்கி வைப்பது இது. ஃபெடோரா 2020 இல் வெளியான 33 ஆம் பதிப்பிலிருந்து இதனை இயல்பாகவே இயக்குகின்றது. டெபியன், உபுண்டு பயனர்கள் இதனைத் தனியாக நிறுவிக்கொள்ளலாம்.

இவற்றுள் எதனைச் செய்யுமுன்னும் முக்கியக் கோப்புகளுக்குப் படியெடுத்தல் கட்டாயம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து மீண்டும் அளத்தல் வேண்டும்; அப்போதுதான் எது பயன் தந்தது என்பது தெரியும். இத்தனைக்குப் பின்னரும் போதாவிடின், நினைவக அட்டை ஒன்றைச் சேர்ப்பதோ, சுழலும் வன்தட்டுக்குப் பதிலாகத் திண்மநிலை வட்டைப் பொருத்துவதோ புதிய கணினியைவிட மலிவாக முடியக்கூடும்.

அதற்கும் இடமளிக்காத கணினியை மறுசுழற்சிக்கு ஒப்படைக்கலாம். அளந்து பாராது ஒப்படைப்பதே வீண்.