கண்ணீரும் வாய்பாடும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)



நிறைவு விழா என்றால் வாழ்த்துரைப்பது வழக்கம். வாழ்த்துவதற்கு என்னினும் மூத்தோர் பலர் இங்கு உள்ளனர். நான் இவ்வேளையை ஒரு கணக்கைத் தீர்த்துக்கொள்ளப் பயன்படுத்த விரும்புகிறேன். நம் மாதக் கூட்டமொன்றில் நான் இழைத்த பிழை ஒன்று உண்டு. அதனை எனக்கு உணர்த்தியவை கொரிய நாட்டுக் காதல் தொடர்கள் என்று சொன்னால் உங்களுள் சிலர் புன்னகைக்கக்கூடும். உரையின் பொருளைச் சொன்னபோது நம் செயலாளரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சற்றுப் பொறுமையோடு கேட்குமாறு வேண்டுகிறேன்.

என் தமக்கையார் 65 வயதினர். கணவரை இழந்தபின் எங்களோடு இருந்து வருகிறார். மாலையில் விளக்கேற்றிய பிறகு என் மகளோடு அமர்ந்து கொரியத் தொடர் பார்ப்பது அவர் வழக்கம். உரையாடல் கொரிய மொழியில். திரையின் அடியில் ஓடும் எழுத்து ஆங்கிலத்தில். மகள் அதனைத் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டே வருவாள். ஒருநாள் ‘விண்டர் சொனாட்டா’ ஓடிக்கொண்டிருந்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்து வருவது இன்னதென்று சொல்லத் தொடங்கினேன். “இப்போது விபத்து நேரும்” என்றேன், நேர்ந்தது. “பிழைத்தால் நினைவு தப்பும்” என்றேன், தப்பியது. என் வெற்றியில் நான் மகிழ்ந்திருந்தபோது தமக்கையார் திரும்பிப் பாராமலே சொன்னார்: “எனக்கும் தெரியும்டா தம்பி. அவன் அவளை மறந்துடுவான்னு தெரிஞ்சுதான் உட்கார்ந்திருக்கேன். மறந்தவன் எதிரே வந்து நிக்கிறப்போ அவ என்ன செய்யப்போறான்னு பார்க்கணும்.”

மகள் வேறு கட்சி. “நினைவு தப்பட்டும், அத்தை அழட்டும், எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறானே, அதைக் காதல் என்று காட்டினால்தான் எனக்குக் கோபம் வருகிறது” என்றாள். இவ்விரு கருத்துகளே இன்றைய என் உரைக்கு முதல்.

இத்தொடர்களை அறியாதவர்களுக்காகச் சில சொல்கிறேன். பெருஞ்செல்வரின் மகன் ஏழைப் பெண்ணைக் காதலிப்பான். அவன் தாய் உறையில் பணம் வைத்து அப்பெண்ணிடம் நீட்டி, விலகிப் போகச் சொல்வார். கோபம் மிகுந்தால் குவளைத் தண்ணீரை அவள் முகத்தில் ஊற்றுவார். மழை வரும், குடை ஒன்றுதான் இருக்கும். காதலர் இருவரும் சிறு வயதிலேயே ஒருவரையொருவர் பார்த்திருந்தனர் என்பது பிற்பகுதியில் தெரியவரும். தீரா நோயும், மாறிப்போன குழந்தையும், உடன்பிறந்தோரோ என்னும் ஐயமும் இடையிடையே வரும். பார்ப்பவர்கள் இவற்றையெல்லாம் விரல்விட்டு எண்ணிச் சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டே அடுத்த பகுதியைப் பார்க்கிறார்கள்.

இயக்குநர் யூன் சொக்-ஹோ நான்கு பருவங்களின் பெயரால் நான்கு தொடர்கள் எடுத்தார். 2000இல் வந்த இலையுதிர்காலத் தொடரில் மருத்துவமனையில் குழந்தைகள் மாறிப்போகின்றன. நாயகி இரத்தப் புற்றுநோயால் இறக்கிறாள். 2002இல் கே.பி.எஸ். தொலைக்காட்சியில் 20 பகுதிகளாக வந்த குளிர்காலத் தொடர்தான் ‘விண்டர் சொனாட்டா’. 2003இல் வந்த கோடைத் தொடரில் நாயகியின் உடலில் துடிப்பது நாயகனின் இறந்துபோன காதலியின் இதயம். 2006இல் வந்த வேனில் தொடரோடு அவ்வரிசை முடிந்தது. கதையைச் சுருக்கிச் சொன்னால் நகைப்புக்கு இடமாகிறது. ஆனால் ‘விண்டர் சொனாட்டா’வை ஜப்பானின் என்.எச்.கே. நிறுவனம் 2003இல் செயற்கைக்கோள் அலைவரிசையிலும் 2004இல் பொது அலைவரிசையிலும் ஒளிபரப்பியபோது, நடுவயதைக் கடந்த ஜப்பானியப் பெண்கள் பெருந்திரளாக அதன்பால் ஈர்க்கப்பட்டனர். நாயகனாக நடித்த பே யோங்-ஜூனை அவர்கள் ‘யோன்-சாமா’ என்று மரியாதை விகுதி சேர்த்து அழைத்தனர். படப்பிடிப்பு நடந்த நாமி தீவின் மரச்சாலையில் நடப்பதற்காகக் கடல் கடந்து சென்றனர். 1910 முதல் 1945 வரை கொரியாவை அடிமைப்படுத்தி ஆண்ட நாட்டின் தாய்மார்கள், கொரிய இளைஞன் ஒருவனுக்காகக் கண்ணீர் சிந்தினர். தேய்ந்த கதை இதனைச் செய்தது எவ்வாறு?

இவ்வினாவுக்கு விடை சொல்லத் தமிழ்க் கவிஞர்களுக்குத் தகுதி மிகுதி. நம் அகப்பாடல்களில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் இல்லை. தோழி வருவாள், செவிலி வருவாள், தலைவன் பொருள்தேடிப் பிரிவான், கார்காலம் வரும், அவன் வந்திலன் என்று தலைவி வருந்துவாள். குறுந்தொகையில் 400க்கு மேற்பட்ட பாடல்கள் உள்ளன. அவற்றுள் புதிய கதை என்று எதனைச் சொல்வோம்? கேட்போர்க்குக் கதை முன்பே தெரியும் என்பதனால்தான் புலவனால் சில அடிகளில் பாட்டை முடிக்க முடிந்தது. தேமா, புளிமா என்னும் வாய்பாடுகளும் இத்தகையனவே. வாய்பாடு பழையது என்று யாரும் வெண்பாவைக் குறை கூறுவதில்லை. அதில் அமரும் சொல்லைத்தான் பார்க்கிறோம். என் தமக்கையார் அன்று சொன்னதும் அதுவே. “என்ன நேரும்” என்பது அவர் கேள்வியன்று. நேர்ந்தபோது மனிதர் எவ்வாறு நிற்கின்றனர் என்பதே அவர் கேள்வி.

ஆயினும் ஒரு வாய்பாடு ஒரு மண்ணில் ஏன் வேர்கொள்கிறது என்று கேட்கவேண்டும். இழந்தவர் மீண்டு வருவதும், வந்தவர் அடையாளம் மறந்து நிற்பதும் கொரியத் தொடர்களில் ஏன் இத்தனை முறை வருகின்றன? 1950 முதல் 1953 வரை நடந்த போரில் அந்நாட்டில் எண்ணற்ற குடும்பங்கள் சிதறின. 1983ஆம் ஆண்டு சூன் 30 அன்று கே.பி.எஸ். தொலைக்காட்சி, பிரிந்த குடும்பத்தினரைத் தேடும் நேரலை நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கியது. மக்கள் திரண்டு வந்தமையால் அது நவம்பர் 14 வரை, 138 நாள்களில் 453 மணி 45 நிமிடம் ஒளிபரப்பாயிற்று. பெயரும் ஊரும் எழுதிய அட்டைகளை மார்பில் தாங்கி மக்கள் நின்றனர். நிலையத்தின் சுவர்கள் தேடுவோர் ஒட்டிய தாள்களால் மூடப்பட்டன. 30 ஆண்டுகளுக்குமுன் பிரிந்த உடன்பிறப்புகள் ஒரு தழும்பை, வீட்டுப் பெயரை, சிறுவயதில் நடந்த ஒரு விபத்தைச் சொல்லி ஒருவரையொருவர் அறிந்துகொண்டனர். 10,000க்கு மேற்பட்ட குடும்பங்கள் ஒன்றுசேர்ந்தன. அந்நிகழ்ச்சியின் ஆவணங்கள் 2015இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன.

19 ஆண்டுகள் கழித்து அதே நிலையத்தின் தொடரில், இறந்துவிட்டதாக எண்ணிய காதலன் வேறு பெயரில் வந்து நிற்கிறான். தன்னை அவனுக்கு நினைவூட்ட முடியாமல் அவள் தவிக்கிறாள். இதனை வெறும் கதைத் தந்திரம் என்று நான் எப்படிச் சொல்வேன்? உடன்பிறந்தோரோ என்னும் ஐயமும் அத்தகையதே. ஒரே பூர்விகத்தைச் சார்ந்த ஒரே குலப்பெயரினர் மணந்துகொள்வதை அந்நாட்டுச் சட்டம் தடுத்திருந்தது. 1997இல்தான் அரசமைப்பு நீதிமன்றம் அத்தடை செல்லாது என்றது. காதலித்தபின் குருதி உறவைத் தேடி அஞ்சியோர் அங்கே திரைக்கு வெளியிலும் இருந்தனர். நாம் தேய்வழக்கு என்பது, அதனைப் பட்டறிந்தவருக்குத் தழும்பாக இருக்கலாம் என்பது என் கருத்து.

அப்படியானால் பார்ப்போர் எதனையும் ஏற்றுக்கொள்வார்களா? மாட்டார்கள். 2004இல் வந்த ‘பாரிஸ் காதலர்’ என்னும் தொடரைக் கொரியர்கள் கொண்டாடினர். அதன் பார்வை அளவு 50 விழுக்காட்டைத் தாண்டியது. செல்வனும் ஏழைப் பெண்ணும் என்ற பழைய வாய்பாடுதான் அது. ஆனால் இறுதிப் பகுதியில், இதுவரை பார்த்ததெல்லாம் நாயகி எழுதிய ஒரு கதை என்று முடித்தார் எழுத்தாளர் கிம் உன்-சூக். மக்கள் வெகுண்டனர். கற்பனை என்பது தெரியாதவர்கள் அல்லர் அவர்கள். ஆயினும் தாம் சிந்திய கண்ணீரைக் கற்பனை என்று சொல்ல எழுதியவருக்கு உரிமை இல்லை என்று எண்ணினர். மரபை மீறிய முடிவுதான் அது. இருந்தும் அதில் உண்மை குறைந்தது. பழமை மட்டுமே பிழையன்று. புதுமை மட்டுமே சிறப்பும் அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

இனி என் மகளின் கட்சிக்கு வருகிறேன். யோகோ காமியோ என்னும் ஜப்பானியப் பெண்மணி 1992இல் தொடங்கிய சித்திரக்கதை ஒன்று 2001இல் தைவானிலும், 2005இல் ஜப்பானிலும், 2009இல் கொரியாவிலும், 2018இல் சீனாவிலும் தொலைக்காட்சித் தொடராயிற்று. செல்வச் சிறுவர் நால்வர் ஆளும் பள்ளியில் ஏழைப் பெண் ஒருத்தியைப் பலரும் சேர்ந்து துன்புறுத்துகின்றனர். அத்துன்பத்தைத் தொடங்கிவைத்தவனே பின்னர் அவள் காதலன் ஆகிறான். அப்பெண்ணின் துணிவை விரும்பிய தலைமுறையே வளர்ந்தபின், “துன்புறுத்தியவன் ஏன் காதலன் ஆகவேண்டும்?” என்று கேட்கத் தொடங்கியது.

இக்கேள்விக்குப் பயன் விளைந்ததையும் கண்டோம். 2005இல் வந்த ‘என் பெயர் கிம் சாம்-சூன்’ என்னும் தொடரின் நாயகி முப்பதை எட்டிய, உடல் பருத்த, இனிப்பு அப்பம் செய்யும் பெண். மெல்லிய பேரழகிகளே நாயகியராக இருந்த காலத்தில் பெண்கள் அவளைத் தம்முள் ஒருத்தியாகக் கொண்டாடினர். அத்தொடரிலும் நாயகன் கத்துகிறான், கையைப் பிடித்து இழுக்கிறான்; அன்று அது காதலின் வேகமாகக் கொள்ளப்பட்டது. 16 பகுதிகள் கொண்ட அத்தொடரை அதன் இயக்குநரே 2024இல் 8 பகுதிகளாகச் சுருக்கித் தொகுத்து வெளியிட்டபோது, அவ்வன்மையான நடத்தைகளை இயன்றவரை குறைத்தார். இங்கு ஒரு வேறுபாட்டைக் காணவேண்டும். நினைவிழப்பு என்னும் வாய்பாட்டை என் மகள் மன்னிக்கிறாள். அது எவரையும் வருத்துவதில்லை. மணிக்கட்டைப் பற்றும் வாய்பாட்டை அவள் மன்னிப்பதில்லை; பெண்ணின் விருப்பத்தைக் கேளாமல் செல்வதை அது இயல்பாக்குகிறது. மரபு என்பது படைப்பவனும் பார்ப்பவரும் செய்துகொண்ட ஓர் உடன்பாடு. உடன்பாட்டிலிருந்து விலகும் உரிமை பார்ப்பவருக்கு உண்டு.

உண்மையால் நிரம்பும்போது பழைய வாய்பாடு மீண்டும் உயிர் பெறுவதற்கும் சான்று உண்டு. 2019 இறுதியில் தொடங்கி 2020இல் முடிந்த ‘கிராஷ் லேண்டிங் ஆன் யூ’ தொடரில் தென்கொரியச் செல்வப் பெண் ஒருத்தி காற்றில் அடித்துச் செல்லப்பட்டு வடகொரியாவில் விழுகிறாள்; அங்குள்ள படைத்தலைவன் ஒருவனைக் காதலிக்கிறாள். செல்வமும் வறுமையும், குடும்பப் பகை, பிரிவு என எல்லாம் பழையன. ஆனால் இடையில் நிற்பது கொடிய மாமியார் அன்று. 1953இல் போடப்பட்ட, ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நீளமுள்ள எல்லை. இருவரும் அதனைக் கடக்க முடியாமல், ஆண்டுக்கு இரண்டு வாரம் சுவிட்சர்லாந்தில் சந்திப்பதோடு கதை முடிகிறது. அம்முடிவை வாய்பாடு என்று சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. என் தமக்கையார் அன்று அழவில்லை. “ரெண்டு வாரமாவது கிடைச்சுதே” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அன்பர்களே, இப்போது என் கணக்கிற்கு வருகிறேன். இவ்வட்டம் தொடங்கிய மூன்றாம் ஆண்டில், மாதக் கூட்டம் ஒன்றில் இளம் பெண் ஒருவர் கவிதை படித்தார். பேருந்து நிறுத்தம், மழை, காத்திருப்பு ஆகியவற்றைப் பற்றிய கவிதை அது. திறனாய்வு செய்யும் பொறுப்பு என்னுடையது. மழையையும் காத்திருப்பையும் பென்சிலால் அடிக்கோடிட்டு, “தேய்வழக்கு” என்று ஓரத்தில் எழுதினேன். அதனைச் சற்று நகைச்சுவையோடு அவையிலும் சொன்னேன். அவையோர் சிரித்தனர். அவரும் சிரித்துக்கொண்டே தாளை வாங்கிக்கொண்டார். அதன்பின் இரண்டு கூட்டங்களுக்கு வந்தார், பிறகு வரவில்லை. வீட்டைவிட்டுச் சென்ற தம்பி இன்றுவரை திரும்பவில்லை என்பதும், அவனை இறுதியாகப் பார்த்தது அந்நிறுத்தத்தில்தான் என்பதும் பல மாதங்கள் கழித்து வேறொருவர் வாயிலாக எனக்குத் தெரியவந்தன.

அக்கவிதை சிறந்த கவிதை என்று நான் இப்போதும் சொல்லமாட்டேன். அதிலிருந்த மழை, அவர் நின்ற நிறுத்தத்தில் பெய்த மழையாக இன்னும் ஆகியிருக்கவில்லை. அதனை ஆக்கிக்கொள்ள உதவுவதே என் கடமையாக இருந்தது. “இந்த மழையில் யார் நனைந்தார்கள்?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், அவர் விடை சொல்லியிருப்பார், கவிதையும் வளர்ந்திருக்கும். நானோ அடுத்து விபத்து வரும் என்று முன்கூட்டிச் சொல்லி மகிழ்ந்தவனைப் போலவே நடந்துகொண்டேன். அயல்மொழிக் கதை ஒன்றை மகளின் வாய்வழிக் கேட்டிருந்த என் தமக்கையாருக்குத் தெரிந்தது, திறனாய்வாளன் என்று பெயர் பெற்ற எனக்குத் தெரியவில்லை.

அடுத்த பத்தாண்டுக்கு இவ்வட்டத்திடம் நான் வேண்டுவது ஒன்றே. தேய்வழக்கை நாம் தொடர்ந்து சுட்டிக்காட்டுவோம். வன்மையை அழகென்று காட்டும் வழக்கை என் மகளைப் போல் துணிந்து மறுப்போம். ஆனால் ஒரு சொல்லை அடிப்பதற்குமுன், அது எவருடைய தழும்பு என்று எழுதியவரிடம் கேட்போம். அந்தக் கவிஞரின் முகவரியைச் செயலாளரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். இம்மலரின் படி ஒன்று அவருக்குச் செல்லும். அதனோடு என் கடிதமும் செல்லும். அவர் மீண்டும் வந்து படிப்பாரானால், கேட்பதற்கு நான் கடைசி வரிசையில் பென்சில் இல்லாமல் அமர்ந்திருப்பேன்.